தனிச் சந்தாவா, மொத்த டீமா? காரைக்குடியில் கோ-ஒர்க்கிங் கணக்கு

காரைக்குடியில் 30 இருக்கைகளோடு ஒரு கோ-ஒர்க்கிங் இடம், அதாவது பலரும் இருக்கைக்கு வாடகை கொடுத்து வேலை பார்க்கும் பொது அலுவலகம், தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் இரண்டு வகையாக வருவார்கள். சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு ஊரிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், டிசைனர்கள், கணக்கு எழுதுபவர்கள் என்று தனித்தனியாக மாதச் சந்தா கட்டுபவர்கள் ஒரு வகை. "எங்க டீமுக்கு 20 சீட் வேணும், ஒரு வருஷ அக்ரிமென்ட் போட்டுக்கலாம்" என்று வரும் நிறுவனம் இன்னொரு வகை.

பணத்தை மட்டும் பார்த்தால் நிறுவனம்தான் ஜெயிக்கும். ஒரே பில், ஒரே தேதி, கையில் அட்வான்ஸ். ஜிஎஸ்டியும் அதற்கே சாதகம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் நீங்கள் பதிவு செய்து 18 சதவீத வரி போட வேண்டும். பதிவு பெற்ற நிறுவனம் அதைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும். தனி ஆளுக்கு அது கைக்காசு. 4,000 ரூபாய்ச் சந்தா 4,720 ஆகிவிடும்.

ஆனால் அந்த 20 பேர் வந்தபிறகு மீட்டிங் ரூம் எப்போதும் அவர்களிடம்தான் இருக்கும். பேச்சும் சாப்பாடும் அவர்களுக்குள்ளேயே. மற்ற பத்துப் பேர் ஒவ்வொருவராக வீட்டுக்கே திரும்பிவிடுவார்கள். பிறகு நிறுவனம் காலி செய்தால் வருமானத்தில் பெரும்பகுதி ஒரே மாதத்தில் போய்விடும். அடுத்த 20 பேர் டீம் காரைக்குடிக்கு எப்போது வரும்?

தனிச் சந்தாக்காரர்களின் பலம் வேறு. ஒருவருக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் சிக்கினால், பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை நகர்த்தி வந்து எட்டிப் பார்ப்பார். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு வெப்சைட் கேட்டு வந்த வேலையை, நேரமில்லாத டிசைனர் எதிர் மேசைக்குத் தள்ளிவிடுவார். வீட்டில் சும்மா கிடக்கும் மேசையை விட்டுப் பணம் கட்டி வருவது இதற்காகத்தான். பலவீனமும் இந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. "அடுத்த வாரம் தர்றேண்ணே" என்றால் அதற்கு மேல் கேட்க வாய் வராது.

இதற்கு நகரத்தார் வீடுகளில் பழைய வழி ஒன்று உண்டு: வேறு வைப்பது. கல்யாணமான மகனுக்கு அந்த வீட்டிலேயே ஓர் அறை, வருஷச் செலவுக்கு ஒரு தொகை, தனிச் சமையல். வளவு எனும் நடுமுற்றம் பொது, விசேஷம் பொது, கணக்கு மட்டும் தனி. சந்தாவையும் அப்படியே நடத்தலாம். மாதம் பிறக்கும்போதே யுபிஐ ஆட்டோபேயில் முன்பணம் வந்துவிட வேண்டும், யாருக்கும் விலக்கு வேண்டாம். அப்புறம் காபி நேரத்தில் பணப் பேச்சே எழாது.

ஒரு நாள் பாஸை வரவு செலவில் சேர்க்கவே வேண்டாம். கல்யாணத்துக்கு வந்தவர்கள், கானாடுகாத்தான் பார்க்க வந்து தங்கியவர்கள் என்று எப்போதாவது வருவார்கள். இரண்டு இருக்கை போதும்.

என் தேர்வு தனிச் சந்தாதான். முதலில் அவர்களைச் சேருங்கள். நிறுவனத்துக்குப் பத்து இருக்கைக்கு மேல் கொடுக்காதீர்கள். தனி அறை, அவர்களுக்கென்று ஒரு மீட்டிங் மேசை, காலி செய்ய மூன்று மாத முன்னறிவிப்பு, இவை கட்டாயம்.

இடம் பழைய செட்டிநாட்டு வீடு என்றால் இன்னும் கவனம் தேவை. வளவில் போன் பேசினால் நாலு பக்கமும் எதிரொலிக்கும். கனத்த சுவர்களை வைஃபை தாண்டாது, அறைக்கு அறை கேபிள் இழுக்க வேண்டும். வீட்டில் உரிமையுள்ள பங்காளிகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் வீடு அவர்களுக்கு எந்தெந்த நாட்களில் வேண்டும் என்பதையும் அக்ரிமென்டிலேயே எழுதி, சந்தா வாங்கும்போதே உறுப்பினர்களிடம் சொல்லிவிடுங்கள்.