ஹட்டனில் வாங்கிய நாய் பிஸ்கட்: ஈரல் சரி, பச்சை லேபல் வேண்டாம்

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈரல் துண்டு தாராளமாக வாங்கலாம், குரக்கன் (கேழ்வரகு) பிஸ்கட் பரவாயில்லை, ‘மரக்கறி மிக்ஸ்’ என்று பச்சை லேபல் ஒட்டியிருக்கிற பாக்கெட்டை மட்டும் தொட வேண்டாம். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. வீட்டில் செய்து விற்கிற சின்ன ஆட்கள், அவர்கள் பிழைப்பில் மண் அள்ளிப் போட எனக்கு மனமில்லை. ஆனால் இந்த மாதிரி வீட்டுத் தயாரிப்பு இப்போது டவுனுக்கு டவுன் வருகிறது, எங்கே வாங்கினாலும் இதே விஷயங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

எங்கள் ஜூலி சாதி நாய் எல்லாம் கிடையாது. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் சாக்குக்குள் கிடந்த குட்டியைத் தம்பி தூக்கிக்கொண்டு வந்தான், இப்போது நான்கு வயது, 14 கிலோ. சோறும் மீன் தலையும் போட்டு வளர்த்த பிள்ளைதான். பிஸ்கட் எதற்கு என்று கேட்பீர்கள். மழை தொடங்கினால் தேயிலை மலைக்குள் ஒரு சுற்று ஓடிவிட்டு வருவாள், நான்கு காலிலும் விரலிடுக்கில் அட்டை இருக்கும். அதைப் பிடுங்க, உண்ணி பார்க்க, காதைத் துடைக்க அவள் ஒரு இடத்தில் நிற்க வேண்டுமே. வாயில் ஏதாவது இருந்தால்தான் நிற்பாள். அதற்காகத்தான் வாங்கினேன்.

200 கிராம் பாக்கெட் 650 ரூபாய். மூன்று வகையிலும் ஒவ்வொன்று எடுத்தேன். அம்மா பில்லைப் பார்த்துவிட்டு, “வெறிநாய் ஊசியே அரசாங்கத்தில சும்மா போடுறான், நீ பிஸ்கட்டுக்கு இவ்வளவு காசு குடுத்துட்டு வந்திருக்கியாடி” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் ஈரல் துண்டு. கோழி ஈரலை மெல்லிசாக வெட்டி உலர்த்தியது, வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. கையில் எடுத்து மடித்தால் வளையாமல் ‘டக்’கென்று உடைகிறது, அப்படித்தான் இருக்க வேண்டும். பாக்கெட் சரசரக்கிற சத்தம் கேட்டாலே ஜூலி சௌசௌ பந்தலுக்கு அடியிலிருந்து பறந்து வருகிறாள். நகத்தளவு துண்டைக் காட்டினால் உட்காருகிறாள், முன்காலை நீட்டுகிறாள், விரலிடுக்கை விரித்து அட்டையை நகத்தால் தள்ளி எடுக்கும் வரைக்கும் அசைவதில்லை, மூக்கு மட்டும் என் சட்டைப் பையைப் பார்த்துத் துடித்துக்கொண்டிருக்கும். இதற்கு 650 கொடுக்கலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஈரலில் வைட்டமின் ஏ அதிகம், அள்ளிப் போடுகிற சாமான் இல்லை. எந்தத் தின்பண்டமாக இருந்தாலும் நாய் ஒரு நாளைக்குச் சாப்பிடுவதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பதுதான் பொதுக் கணக்கு. நாங்கள் ஒரு நாளைக்கு நான்கைந்து துண்டோடு நிறுத்திக்கொள்கிறோம்.

குரக்கனும் பூசணிக்காயும் போட்ட பிஸ்கட் வாசமாக இருக்கிறது, எலும்பு வடிவத்தில் அழகாக வெட்டியிருக்கிறார்கள், தம்பி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு உப்பில்லை என்று குறை சொன்னான் (உப்பில்லாததுதான் நல்லது). ஜூலி முதலாவதைத் தின்றாள். இரண்டாவதை வாயில் கவ்விக்கொண்டு போய், சுற்றும் முற்றும் பார்த்து, பந்தலுக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்து, மூக்காலேயே மண்ணைத் தள்ளி மூடினாள். அவளுடைய விமர்சனம் அவ்வளவுதான்.

பிரச்சினை மூன்றாவது பாக்கெட். லேபலைத் திருப்பினால் கரட், போஞ்சி, லீக்ஸ், வெங்காயத் தூள் என்று போட்டிருக்கிறது. நுவரெலியா லீக்ஸ் நமக்கு நல்ல மரக்கறிதான், ஆனால் நாய்க்கு ஆகாது. வெங்காயம், வெள்ளைப்பூண்டு, லீக்ஸ் எல்லாம் ஒரே குடும்பம், நாயின் இரத்தத்தில் இருக்கிற சிவப்பணுக்களை உடைக்கும். அவித்தாலும் போகாது, காயவைத்துத் தூளாக்கினால் இன்னும் செறிவாகிவிடும். தின்ற அன்றைக்கே ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளிறும், சிறுநீர் கறுத்துப் போகும், அப்போது எதைத் தின்றது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? நல்லவேளை, கொடுப்பதற்கு முன்னால் வாசித்தேன். பாக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். கடையில் இருந்த பெடியன், “மிஸ், இது இயற்கையானதுதானே, கெமிக்கல் ஒன்றும் இல்லை” என்றான். அரளியும் இயற்கையானதுதான் தம்பி என்றேன். அவன் சிரித்துவிட்டு, காசைத் தர முடியாது, வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளுங்கள் என்றான். ஈரலாக மாற்றிக்கொண்டு வந்தேன்.

இன்னொரு குறை பாக்கெட். கொழும்பில் எப்படியோ தெரியாது, இந்த ஈரத்தில் மெல்லிய பொலித்தீன் தாங்காது. ஜூன் மாதம், நாலைந்து நாளாக வெயிலே இல்லை, துவைத்த துணியெல்லாம் வீட்டுக்குள்ளே தொங்குகிறது, பத்தாவது நாள் குரக்கன் பிஸ்கட்டின் ஓரத்தில் சாம்பல் நிறப் பூஞ்சணம். துடைத்துவிட்டுக் கொடுக்கலாமே என்று தோன்றும், கொடுக்காதீர்கள், சில பூஞ்சணம் நாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வரவைக்கும். இப்போது வாங்கி வந்த கையோடு மூடி இறுகிய போத்தலில் போட்டு, சமையலறை அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் வைத்துவிடுகிறேன்.

குரக்கன் பிஸ்கட்டை மட்டும் இப்போது வீட்டிலேயே செய்கிறேன், காசுக் கணக்குப் பார்த்தால் கடையில் வாங்குவதில் அர்த்தமே இல்லை. கோழி ஈரல் 200 கிராமை உப்பில்லாமல் அவித்து மசித்து, அவித்த பூசணிக்காய் ஒரு கைப்பிடி, முட்டை ஒன்று, பிடிக்கிற அளவுக்குக் குரக்கன் மா. ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மா. சப்பாத்தி கனத்துக்குத் தட்டி, சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, ரொட்டிக் கல்லில் நெருப்பைக் குறைத்துப் போட்டுத் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் வெளியே கருகி உள்ளே ஈரமாக நிற்கும், அது இரண்டே நாளில் கெட்டுவிடும். முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. விறகடுப்பு இருக்கிறவர்கள் சுட்டதைத் தட்டில் பரப்பி, தணல் அடங்கின பிறகு இரவு முழுக்க அதன் மேலே வைத்துவிட்டால் காலையில் மொறுமொறுவென்று இருக்கும். வேடிக்கை என்னவென்றால் இதை அவள் புதைப்பதில்லை, ஈரல் சேர்ந்ததாலாக இருக்கும்.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் இந்தப் பிஸ்கட் கதை பிடிக்கவில்லை, “மாரி பிஸ்கட்ட தேத்தண்ணில நனைச்சு குடுத்தா நாய் திங்காதா” என்கிறார். தின்னும், அதுதான் பயம். தேயிலையில் இருக்கிற கஃபீன் நாய்க்கு ஆகாது, வாளியில் கொட்டுகிற தேயிலைச் சக்கையைக்கூட மூடித்தான் வைக்கிறேன்.

போன கிழமை மறுபடியும் அந்தக் கடைக்குப் போனேன். பச்சை லேபல் பாக்கெட் அதே இடத்தில் இருந்தது, ஆனால் லீக்ஸ் என்ற வரியின் மேல் கறுப்பு மையால் ஒரு கோடு. உள்ளே இருக்கிறதை மாற்றினீர்களா என்று கேட்டேன், புது லேபல் அடிக்கக் கொடுத்திருக்கிறோம் மிஸ் என்றான். ஈரல் துண்டு முடிந்துவிட்டது, புதன்கிழமை வருமாம்.