கைடா, புத்தகமா? பிளஸ் டூ பொருளியலுக்கு எது கைகொடுக்கும்

தமிழ்நாடு பிளஸ் டூ பொருளியல் எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு. ஒரு மார்க் 20, அப்புறம் இரண்டு, மூன்று, ஐந்து மார்க் கேள்விகள் தலா 7 எழுதணும்.

கைடில் பதில்கள் அளவாக வெட்டித் தைத்துக் கிடைக்கும், இரண்டு மார்க் வரையறைகளை ஒரு வாரத்தில் ஒப்பித்துவிடலாம், பரீட்சைக்குப் பத்து நாள்தான் பாக்கி என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் கை நின்றுவிடும்.

பெருக்கியையே பாருங்கள், முதலீடு கூடினால் நாட்டு வருமானம் அதைப்போல் எத்தனை மடங்கு கூடும் என்று சொல்லும் எண் அது. கைடை மட்டும் படித்தவர் வரையறையை அச்சுப் பிசகாமல் எழுதுவார். இறுதிநிலை நுகர்வு நாட்டம், அதாவது கூடுதலாக வரும் வருமானத்தில் நுகர்வுக்குப் போகும் பங்கு, 0.8 என்று கொடுத்துப் பெருக்கியைக் கேட்டால் முழிப்பார். புத்தகத்தில் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு 1-லிருந்து 0.8 போக 0.2, ஒன்றை அதால் வகுத்தால் 5, அரை நிமிட வேலை. ஒரு மார்க்கிலும் இதே கதைதான், பாடத்தின் நடுவில் எங்கோ கிடக்கும் வரியிலிருந்து கேட்டுவிடுவார்கள்.

புத்தகத்தின் தொல்லை நேரம். வங்கியியல் மாதிரிப் பாடம் நீண்டுகொண்டே போகும், தூக்கம் வரும், சரி, அதற்கு மட்டும் கைடைத் திறந்துகொள்ளுங்கள்.

படத்தை மட்டும் எதை நம்பியும் மனப்பாடம் செய்யாதீர்கள். வருமானத்தோடு நுகர்வு எப்படி மாறும் என்று காட்டும் நுகர்வுச் சார்புக்குக் கிடைமட்ட அச்சில் வருமானம், செங்குத்தில் நுகர்வு என்று பென்சிலால் நாலு தடவை வரையுங்கள். அச்சுக்குப் பெயர் எழுதாமல் நானே மார்க்கை விட்டிருக்கிறேன்.