1098 முதல் இழப்பீடு வரை: கடலூரில் குழந்தை மீட்புச் சேவை

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கக் கட்டணம் கிடையாது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். ஆனால் இந்த மதிப்புரை அந்த எண்ணைப் பற்றியது மட்டுமன்று. அழைப்பு முடிந்த பிறகு ஒரு குழந்தையின் வாழ்க்கை காவல் துறை, குழந்தைகள் நலக் குழு, கோட்டாட்சியர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று கைமாறிச் செல்கிறது. அந்த முழு வழியும் எப்படி இருக்கிறது என்பதையே இங்கே எழுதுகிறேன். குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினர். பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளைத் தேடிப் போகும் வேலை எங்களுக்கு உண்டு என்பதால், இந்தச் சேவையைப் பயன்படுத்த நேர்ந்தது. பையனையோ அவன் குடும்பத்தையோ அடையாளம் காட்டும் எதையும் எழுதப்போவதில்லை. இளைஞர் நீதிச் சட்டமும் அதற்கு இடம் தரவில்லை.

எங்கள் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மந்தைகள் வந்து இறங்குவது வழக்கம். அப்படி ஒரு மந்தையின் பின்னால், நுனியில் உரச்சாக்குத் துண்டு கட்டிய கம்போடு அவன் நின்றிருந்தான். கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் வெளுத்துப் போயிருந்தது. பள்ளிக்கு எப்போது வருவாய் என்று கேட்டதற்கு, “முன்பணம் கழிஞ்சதும் போலாம்னு சொல்லியிருக்காங்க சார்” என்றான்.

1098-இல் பேசியவர் என்னைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. பையனுக்கு உடனடி ஆபத்து உண்டா, எத்தனை பேர் உடனிருக்கிறார்கள், அருகில் அடையாளம் சொல்லக்கூடிய இடம் எது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, “முதலாளிகிட்ட நீங்க எதுவும் பேச வேண்டாம் சார், அவங்களுக்குத் தெரிஞ்சா ராத்திரியே மந்தையை ஓட்டிட்டுப் போயிடுவாங்க” என்றார். தொழிலின் போக்கை அறிந்தவர் சொல்லும் சொல் அது. நடுவில் பொறுமை இழக்காமல், கிளைச் சாலையின் திருப்பத்தை நான் இருமுறை விளக்கியதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1996-இல் மும்பையில் தொடங்கித் தொண்டு நிறுவனங்கள் வழியே நடந்துவந்த இந்தச் சேவை, 2023 முதல் குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் மாநில அரசுகளின் பொறுப்புக்கு வந்து, 112 அவசர எண்ணோடும் இணைக்கப்பட்டது. அரசின் கைக்குப் போனால் குரலில் கடுமை ஏறிவிடும் என்று எனக்கு ஐயம் இருந்தது. என் அழைப்பில் அப்படி இல்லை.

மீட்புக்கும் முதல் இரவுக்கும் முழு மதிப்பெண் தருவேன். மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம்; அது நடந்தது. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவுக்கு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் இருந்தாலும், அங்கே நீதிமன்றத் தோரணை எதுவும் இல்லை. உறுப்பினர் ஒருவர் பையனின் அருகிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலில் சாப்பிட்டானா என்றும், பிறகு காலில் மருந்து போட்டார்களா என்றும் கேட்டார். வழக்கு விவரத்துக்கு அவர் வந்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

குறை தொடங்குவது அதற்கு அடுத்த கட்டத்தில். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 143-ஆம் பிரிவு, ஒரு குழந்தையைச் சுரண்டலுக்காகக் கடத்தியவருக்குக் குறைந்தது 10 ஆண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் என்றால் குறைந்தது 14 ஆண்டும், அதிகபட்சமாக ஆயுள் தண்டனையும் விதிக்கிறது. குழந்தைக் கடத்தலில் மீண்டும் தண்டனை பெறுபவருக்கும், குற்றத்தில் பங்குள்ள அரசு ஊழியருக்கும் எஞ்சிய வாழ்நாள் முழுதும் சிறை. கடத்தப்பட்ட குழந்தை என்று தெரிந்தே பாலியல் சுரண்டலில் ஈடுபடுத்துபவருக்குப் பழைய சட்டத்தில் 5 முதல் 7 ஆண்டுகளாக இருந்த தண்டனையின் மேல்வரம்பு இப்போது 10 ஆண்டு. தண்டனை போதாது என்று மேடையில் பேசுபவர்கள் இந்தப் பிரிவுகளை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். கூட்ட வேண்டியது சில இடங்களில் இன்னும் உண்டு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவாக அதிகபட்சம் 5 ஆண்டு என்றே சொல்கிறது. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைச் செய்தால் மட்டும் 3 முதல் 7 ஆண்டு; மற்றவர்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் அதில் இல்லை.

ஆனால் கடுமையான பிரிவுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு, அதை அதிகம் பேர் பேசுவதில்லை. பையனின் மீது அதிகாரமுள்ளவரின் சம்மதத்தைப் பெறப் பணம் கொடுப்பதும், அதற்காகப் பணம் வாங்குவதும் கடத்தலின் வரையறைக்குள் வருகின்றன. மருத்துவச் செலவுக்கோ வீட்டுக் கூரைக்கோ முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை அனுப்பிய தாய்க்கும் தகப்பனுக்கும், தாங்களும் சிறைக்குப் போக வேண்டியிருக்குமோ என்ற அச்சம் வருகிறது. முதலாளியின் ஆட்களும் அந்த அச்சத்தையே ஊதிப் பெரிதாக்குகிறார்கள். “நாங்களாத்தான் அனுப்பிச்சோம், மாமா வீட்டுக்குப் போயிருந்தான்” என்று அந்தத் தாய் முதலில் சொன்னது இதனால்தான். அவரை யாரும் குற்றவாளியாகப் பார்க்கவில்லை என்று புரியவைக்க ஒரு பெண் ஆலோசகர் பலமுறை அந்தக் குடியிருப்புக்குப் போய்வர வேண்டியிருந்தது. பிரிவு எண்ணைவிட அந்த ஆலோசகரின் பேருந்துக் கட்டணமும் சம்பளமும்தான் இந்த வழக்கைத் தாங்கிநிற்கின்றன என்பது என் கணிப்பு.

பணத்துக்கு வருகிறேன். இப்படி முன்பணத்துக்காக வேலையில் கட்டுண்டவர்களும் அடங்கும் கொத்தடிமைத் தொழிலாளர் மறுவாழ்வுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை தரலாம். குழந்தைகளுக்கு 2 லட்சமும், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சமும் உண்டு. உடனடி உதவி தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பெருந்தொகை மட்டுமே தண்டனைத் தீர்ப்போடு பிணைக்கப்பட்டிருக்கிறது. இதற்காகவே மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிரந்தர நிதி இருக்க வேண்டும் என்றும் திட்டம் சொல்கிறது. இவ்வளவு இருந்தும், பையன் கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான விடுதலைச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் போன ஓர் அலுவலகத்தில், “கேஸ் முடியட்டும், பாக்கலாம்” என்ற பதில்தான் வந்தது. திட்டத்தின் நகலை நீட்டிய பிறகே கோப்பு நகர்ந்தது. நகலை எடுத்துப்போகத் தெரியாத குடும்பம் என்ன செய்யும்? முன்பணம் கொடுத்தவர் மட்டும் தவறாமல் வீட்டு வாசலுக்கு வந்துபோகிறார். தீர்ப்புக்குப் பின் வரும் 2 லட்சத்தைவிட, மீட்ட வாரத்திலேயே கைக்கு வரும் 30,000 ரூபாயே சாட்சியைச் சாட்சியாக நிற்கவைக்கும். சட்டத்தைக் கடுமையாக்க விரும்புபவர்கள் முதலில் இந்தத் தாமதத்தை ஒழிக்கும்படி கேட்க வேண்டும்.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கடலூர் நகரத்தை விட்டு வடக்கே சிறிது தூரம் போனாலே பாகூர்ப் பக்கம், புதுச்சேரி ஒன்றியப் பகுதி. அங்கே குழந்தைகள் நலக் குழு வேறு, சட்டப் பணிகள் ஆணையம் வேறு, இழப்பீட்டுத் திட்டமும் வேறு. கடலூர் மாவட்டக் குழந்தை புதுச்சேரியில் மீட்கப்பட்டால் குழந்தை இங்கே அனுப்பப்படும்; வழக்கு அங்கே நடக்கும். வாய்தாவுக்கும் இழப்பீட்டு மனுவுக்கும் எல்லை தாண்டிப் போய்வரும் தாயின் அன்றைய கூலியை ஈடுகட்ட எந்தப் பக்கமும் ஆள் இல்லை. வாத்துக்கும் மந்தைக்காரருக்கும் எல்லை ஒரு பொருட்டே அன்று. கோப்புக்குத்தான் அது மலையாகிவிடுகிறது.

உடனடியாக உதவுவது முடியாத காரியம் என்று சொல்ல இந்த மாவட்டத்துக்கு இடமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் கடத்தல்காரர்கள் கொண்டுபோய்விடுவார்கள் என்ற அச்சம் பரவியபோது, கடலூரிலேயே அவர்களுக்கென அரசு இல்லம் திறக்கப்பட்டது. அன்று ஆட்சியராக இருந்த ககன்தீப் சிங் பேடியின் பெயர் அந்தப் பிள்ளைகளோடு சேர்த்து இன்றும் இங்கே பேசப்படுகிறது. பேரிடரின்போது கையில் பணமும் ஆளும் உடனே வந்தன. முன்பணத்துக்குப் போன பிள்ளை ஒவ்வொருவராக மீட்கப்படுவதால் அந்த அவசரம் யாருக்கும் வருவதில்லை. குழந்தைக் கடத்தல் வழக்குகளை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. எங்கள் பையனின் வழக்கில் அது எவ்வளவு தூரம் பலிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்துக்கு மதிப்பெண் இட வேண்டுமென்றால் அழைப்புக்கும் மீட்புக்கும் ஐந்து, குழந்தைகள் நலக் குழுவுக்கு நான்கரை, பணம் வந்துசேரும் வழிக்கு இரண்டு. அழைக்கப்போகிறவர்கள் தங்கள் அழைப்பின் பதிவு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கையில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் மட்டும் இருந்தால், 143-ஆம் பிரிவும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டுச் சிறைதான். குழந்தை வீடு திரும்பினால் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அன்றே மனு கொடுக்கலாம். ஊரகத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இலவச வழக்கறிஞர் வேண்டுமென்றால் 15100 என்ற எண் இருக்கிறது.