மூக்கோரம் இடைவெளி விடாத பேட்ச்

மகளுக்கு இடது கண்ணில் பிறவிக் கண்புரை. பிறந்த மறுநாள் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தபோது ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு ஒளி திரும்பி வரவில்லை, அப்படித்தான் தெரிந்தது. ஆறாவது வாரம் ஆபரேஷன், அப்புறம் கான்டாக்ட் லென்ஸ், கூடவே தினமும் நல்ல கண்ணின் மேல் ஒட்டி மூடும் பேட்ச். புரையை எடுத்துவிட்டால் பார்வை வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன், ஆனால் மங்கலான கண்ணை மூளை சட்டை செய்யாமல் விட்டுவிடுமாம், அதை வேலை வாங்க வேண்டுமென்றால் நல்ல கண்ணை மூடித்தான் ஆக வேண்டும். எங்களுக்குச் சொன்ன கணக்கு: எத்தனை மாதக் குழந்தையோ தினம் அத்தனை மணி நேரம், எட்டு மாதம் வரைக்கும், அதற்கப்புறம் விழித்திருக்கும் நேரத்தில் பாதி. (உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும், அதிகமாக மூடினால் நல்ல கண்ணும் மந்தமாகிவிடும்.)

சரி, பேட்சுக்கு வருகிறேன். முதலில் வாங்கியது, பெயர் வேண்டாம், பசை ஒரே முரடு. உரித்தால் கன்னத்தில் முட்டை வடிவத்தில் சிவந்த வளையம், அதன் மேலேயே மறுநாளும் ஒட்ட வேண்டும், எனக்கே கை வரவில்லை. இப்போது போடுவது மெல்லிய துணி மாதிரி, தோலுக்கு இதமான பசை, உள்பக்கம் கறுப்புப் படலம். வெளிச்சம் புகவில்லை. ஈரத்துணியை ஒரு நிமிடம் வைத்து எடுத்து, வெளியோரத்திலிருந்து மெதுவாக உரித்தால் அழுகை இல்லாமல் வந்துவிடுகிறது.

ஆனால் நான் இதற்கு மார்க் போடுவது மூக்குப் பக்கத்துக்குத்தான். குறுகலான முனை மூக்கோரம் வர வேண்டும், அங்கே நூலளவு இடைவெளி இருந்தாலும் போச்சு. பழைய பேட்சில் ஒரு வாரம் இவள் சமர்த்தாக விளையாடுகிறாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன், அப்புறம்தான் கவனித்தேன், தலையைச் சாய்த்து அந்தச் சந்து வழியாக நல்ல கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறாள்! ஆரம்ப நாட்களில் பேட்ச் போட்டும் குழந்தை கொஞ்சம்கூடச் சிணுங்கவில்லை என்றால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கண்ணாடி மேல் மாட்டும் துணி பேட்சும் வாங்கினோம், பார்க்க அழகு, மூக்கின் மேல் கண்ணாடி இறங்கினால் தீர்ந்தது. சொன்னதைக் கேட்கும் வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் சரிப்படும்.

குறை என்றால் வியர்வை. புழுக்கமான நாளில் இரண்டு மணி நேரத்தில் ஓரம் கிளம்பிவிடும், அப்புறம் அந்தக் குட்டி விரல் சும்மா இருக்குமா? முகத்துக்கு எண்ணெயோ கிரீமோ தடவியிருந்தால் ஒட்டவே ஒட்டாது. தூங்கி எழும் முன்பே ஒட்டிவிடுவது, கைக்கு சாக்ஸ் மாட்டிவிடுவது, இதெல்லாம் நாங்களாகக் கண்டுபிடித்தவை.

ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது பூ, பட்டாம்பூச்சி டிசைனுக்காக, ஒட்டியதும் கண்ணாடியில் பார்த்துவிட்டு முதல் வேலையாக அதைத்தான் பிய்க்கிறாள். வெறும் தோல் நிறம் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.