பழைய ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக்: உள்ளே இருப்பது எந்த கியர்பாக்ஸ்?

செகண்ட் ஹேண்ட் சந்தையில் மூன்று தலைமுறை சிட்டிக்கும் "ஆட்டோமேட்டிக்" என்ற ஒரே பெயர்தான். உள்ளே இருப்பவை மூன்று வெவ்வேறு கியர்பாக்ஸ்கள். ஒன்றின் ஆயில் மற்றொன்றுக்கு ஆகாது. ஆயில் மாற்றக் கொடுக்கும் முன் இதை உறுதி செய்துகொள்ளாததால் பாழான கியர்பாக்ஸ் பெட்டிகள் ஏராளம்.

2003 முதல் 2008 வரை வந்த சிட்டியில், பிறகு இசட்எக்ஸ் என்ற பெயர் பெற்றதிலும், ஆட்டோமேட்டிக் என்றால் சி.வி.டி., அதாவது தனித்தனி கியர்கள் இல்லாமல் பெல்ட்டும் புல்லியும் கொண்டு இயங்கும் பெட்டி. அது 1.5 ஐ-டிஎஸ்ஐ எஞ்சினோடு மட்டும் வந்தது. பானெட்டைத் திறந்தால் நாலு சிலிண்டருக்கு எட்டு ஸ்பார்க் பிளக் இருக்கும். 2008 கடைசியில் வந்த ஐ-விடெக் சிட்டியில் டார்க் கன்வெர்ட்டரோடு (எஞ்சின் விசையை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) 5 கியர் ஆட்டோமேட்டிக். 2014 மாடலில் மறுபடி சி.வி.டி.; ஆனால் இதில் டார்க் கன்வெர்ட்டரும் உண்டு.

கியர் லிவரையோ ஸ்டீயரிங் பின்னாலுள்ள, விரலால் கியர் மாற்றும் பேடிலையோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். பின்னிரண்டு தலைமுறையிலும் பேடில் உண்டு. ஆர்.சி.யில் மாடல் பெயரோடு ஏ.டி. அல்லது சி.வி.டி. என்று இருக்கலாம், அதையும் ஓட்டிப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். எஞ்சின் சூடானதும் லிவரை 'டி'யில் வைத்து, பேடிலைத் தொடாமல், ஆக்சிலேட்டரைப் பாதி அழுத்தி ஒரே நிலையில் பிடியுங்கள். ஆர்.பி.எம். முள் ஏறி, சட்டென்று இறங்கி, மறுபடி ஏறினால் 5 கியர் பெட்டி. முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க வேகம் மட்டும் கூடிக்கொண்டே போனால் சி.வி.டி. பேடிலைத் தட்டினால் சி.வி.டி.யும் கியர் மாறுவதுபோல நடிக்கும். அதனால்தான் அதைத் தொடக்கூடாது.

இசட்எக்ஸ் சி.வி.டி.யில் டார்க் கன்வெர்ட்டருக்குப் பதிலாக ஆயிலில் நனைந்த ஸ்டார்ட் கிளட்ச் இருக்கிறது. வயதான வண்டி சிக்னலில் கிளம்பும்போது, 20 கி.மீ. வேகத்துக்குள், உதறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். பல மெக்கானிக்குகள் எஞ்சின் மவுண்ட்டை மாற்றிவிட்டு அதே உதறலோடு வண்டியைத் திருப்பித் தருகிறார்கள். பழைய ஆயிலில் உராய்வுத் தன்மை கெட்டு, கிளட்ச் தட்டுகள் ஒட்டி ஒட்டி விடுவதே பெரும்பாலும் காரணம். சரியான ஆயில் மாற்றியபின் கிளட்ச் பிடிக்கும் புள்ளியைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்பிக்கவும் வேண்டும். இதை விட்டுவிட்டால் புது ஆயிலிலும் உதறல் தொடரலாம்.

நெடுநாள் ஓட்டத்துக்கு மூன்றில் உறுதியானது 2008-2013 பெட்டிதான். அதற்கான ஆயில் ஹோண்டா ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) டி.டபிள்யூ-1, முன்பிருந்த இசட்-1-க்கு மாற்றாக வந்தது. டிரெயின் போல்ட்டைத் திறந்தால் சுமார் 2.5 லிட்டர்தான் வடியும், மீதி டார்க் கன்வெர்ட்டரில் நின்றுவிடும். ஆயில் கறுத்திருந்தால் வடித்து, ஊற்றி, எல்லா கியரும் மாறும்படி ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டும்; மூன்று முறை செய்தால்தான் பெரும்பகுதி புதிதாகும். போல்ட்டின் தலையில் 3/8 அங்குலச் சதுரக் குழி இருக்கும், ராட்செட்டை நேராக மாட்டலாம். அதிலுள்ள காந்தத்தில் கறுப்புப் பசை படிந்திருப்பது சாதாரணம். உலோகச் சில்லுகள் இருந்தால் அந்த வண்டியை வாங்காதீர்கள். வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். அளவு பார்க்க, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்து, 60 முதல் 90 நொடிக்குள் டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும்.

2014 சி.வி.டி.க்கு ஹோண்டாவின் சி.வி.டி. ஆயிலான ஹெச்.சி.எஃப்-2 மட்டும். சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் இரும்பு பெல்ட்டுக்கும் புல்லிக்கும் இடையே தேவையான பிடிப்பு கிடைக்காமல் பெல்ட் வழுக்கும். வழுக்கிய பெல்ட் புல்லியில் கீறல் போட்டால் பெட்டியையே மாற்ற வேண்டிவரும். இதே ஆயிலை இசட்எக்ஸ் சி.வி.டி.யிலும் ஊற்றாதீர்கள். அதற்கு அந்த மாடலின் கையேட்டில் சொன்ன ஆயில்தான். நிறத்தை வைத்து ஆயிலை அடையாளம் காண முடியாது. கடைக்காரர் "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஆகும்" என்று நீட்டும் கேனை வாங்காமல் வருவது நல்லது.

ஓட்டிப் பார்க்கும்போது மீட்டரில் 'டி' விளக்கைக் கவனியுங்கள். சாவி போட்டதும் சில நொடி எரிந்து அணைய வேண்டும். ஓடும்போது அது மினுக்கினால் கியர்பாக்ஸில் பிழை பதிவாகியிருக்கிறது; ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.