கயாக் சனிக்கிழமைகளும் என்.டி.ஐ.எஸ். பில்லும்: நாலு வருஷ அனுபவம்

என் மகனுக்கு வயது 19, ஆட்டிசம் உண்டு. மெல்பர்னில் ஒரு சாகசக் குழுவோடு நாலு வருஷமாக மாதம் இரண்டு சனிக்கிழமை போய்வருகிறான். யாரா ஆற்றில் கயாக், டேண்டனாங் மலையில் நடை, மழை என்றால் உள்ளரங்கில் பாறையேற்றம். துடுப்பு கைக்கு வந்ததும் அவன் முகமே மாறிவிடும். நிகழ்ச்சியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பணியாளர் செலவை என்.டி.ஐ.எஸ். (மாற்றுத்திறனாளிகளுக்கான ஆஸ்திரேலிய அரசின் காப்பீட்டுத் திட்டம்) அவனுக்கு ஒதுக்கிய நிதியிலிருந்து, அதாவது அவனது 'பிளானி'லிருந்து, கட்டுகிறோம். அந்தப் பில்லைப் படிக்கத்தான் ஒன்றரை வருஷம் பிடித்தது.

இன்வாய்ஸ் வந்ததும் நான் முதலில் தேடுவது விகிதத்தை, அதாவது எத்தனை பேருக்கு ஒரு பணியாளர் என்பதை. 2025-26இல் வாரநாள் பகலுக்கு அவர்கள் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு மணிக்கு 70.23 டாலர். ஒரு பணியாளர் ஒருவரை மட்டும் கவனித்தால் அந்தக் கணக்கு. மூன்று பேருக்கு ஒருவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, 23.41 டாலர். சனிக்கிழமை இது சுமார் 40 சதவீதம் கூடும், ஞாயிறு 80 சதவீதம்.

இரண்டாம் வருஷம் ஒரு மாதம் எல்லா மணியும் 'ஒன்றுக்கு ஒன்று' என்று வந்திருந்தது. ஆனால் அவர்களே அனுப்பிய போட்டோவில் ஆற்றங்கரையில் மஞ்சள் லைஃப் ஜாக்கெட்டோடு ஆறு பிள்ளைகள், இரண்டே பணியாளர்கள். போட்டோவையும் பில் வரியையும் சேர்த்து மெயில் அனுப்பினேன். ஒரு வாரத்தில் மன்னிப்போடு திருத்திய பில் வந்தது. பிளான் பணத்திலிருந்து பில்லுக்குக் கட்டும் பிளான் மேனேஜர் மேல் முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் பார்ப்பது தொகை வரம்புக்குள் இருக்கிறதா என்று. வேனில் எத்தனை பேர் போனார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இப்போதெல்லாம் மகன் வீடு வந்ததும் "இன்னைக்கு யார் யார் வந்தாங்க?" என்று கேட்டுவிடுகிறேன். ஒவ்வொரு பேராகச் சொல்வான், ஒன்றுகூட விடமாட்டான்.

அடுத்து நேரம். தண்ணீரில் இருப்பது இரண்டு மணி, பில்லில் ஆறு மணி. வேனில் ஏறியதிலிருந்து வாசலில் இறங்கும்வரை அவன் அவர்கள் பொறுப்பு என்பதால் அது நியாயம்தான். வண்டிக்கான கிலோமீட்டர் செலவு தனி வரி. அதை எத்தனை பேருக்குள் பிரித்தார்கள் என்று கேளுங்கள். நுழைவுச் சீட்டு, மதியச் சாப்பாடு எல்லாம் நம் கைக்காசு, பிளானில் வராது.

ரத்துதான் வலிக்கும். ஏழு முழு நாள் முன்னால் சொல்லாவிட்டால் முழுக் கட்டணமும் கேட்கலாம். வியாழக்கிழமை காய்ச்சல் வந்தால் யார் என்ன செய்வது! ஆனால் அந்தப் பணியாளருக்குக் கட்டணம் வாங்கக்கூடிய வேறு வேலை கிடைத்துவிட்டால் நம்மிடம் கேட்க முடியாது. இதைப் பலர் விசாரிப்பதே இல்லை. காற்று பலமாக இருக்கிறது என்று அவர்களே நிறுத்தினால் நம் தலையில் கட்டணம் விழாது.

போன ஜூலையில் சர்வீஸ் அக்ரிமென்டைப் புதுப்பித்தபோது, ஒவ்வொரு நாளின் விகிதமும் பில்லில் தனியாக வர வேண்டும் என்று எழுதச் சொன்னேன். தயங்காமல் சேர்த்தார்கள். இப்போது பில்லைச் சரிபார்க்க ஐந்து நிமிஷம் போதும்.