16 சேனல் அனலாக் சம்மிங் மிக்ஸர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பல டிராக்குகளை மென்பொருளுக்கு வெளியே மின்சுற்றில் கூட்டி (அதுதான் சம்மிங்) ஸ்டீரியோவாகத் தரும் அனலாக் சம்மிங் மிக்ஸர் வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். சில வருடங்களாக என் மிக்ஸ்கள் எல்லாம் அப்படி ஒரு பெட்டி வழியாகத்தான் வெளியே போகின்றன. அது தரும் சத்தம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தச் சத்தம் சம்மிங்கிலிருந்து வரவில்லை.

டிஜிட்டல் பக்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மிக்ஸ் செய்யும் மென்பொருளுக்குள் நடப்பது வெறும் கூட்டல். ஒவ்வொரு சாம்பிளிலும் எல்லா டிராக்குகளின் எண்களையும் கூட்டி ஒரே எண்ணாக்குகிறது. 32 பிட் ஃப்ளோட் (புள்ளி நகரும் எண் வடிவம்) கணக்கிலேயே அதில் வரும் பிழை காதுக்கு எட்டாது. இன்று பல மென்பொருள்கள் 64 பிட்டில் கூட்டுகின்றன. புள்ளி நகராத எண் வடிவில் கூட்டிய பழைய ஃபிக்ஸட் பாயின்ட் சிஸ்டம்களில் லெவலைப் பார்த்து வைக்காவிட்டால் வழியில் எங்காவது கிளிப் ஆகிவிடும் (உச்சத்தைத் தாண்டி அலை வெட்டுப்படும்), அதனால் அந்தக் காலத்துப் புகார்களில் நியாயம் இருந்தது. இப்போதும் 'இந்த மென்பொருளின் சம்மிங் அகலமாக இருக்கிறது' என்று சொல்பவர்கள், ஒரே ஃபைல்களை இரண்டு மென்பொருள்களில் ஒரே ஃபேடர் நிலையில் மிக்ஸ் செய்து, ஒன்றின் பொலாரிட்டியைத் திருப்பி, அதாவது அலையைத் தலைகீழாக்கி, மற்றதோடு சேர்த்துப் பார்க்கட்டும். எதுவும் மிஞ்சாது. மிஞ்சினால் முதலில் பேன் லாவை, அதாவது நடுவில் வைத்த ஒலியை மென்பொருள் எவ்வளவு குறைக்கிறது என்பதைப் பாருங்கள். ஒன்று சென்டரில் 3 டெசிபல் குறைக்கும், இன்னொன்று 4.5 குறைக்கும். 'அகலம்' பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

சரி, பெட்டிக்கு வருவோம். ஒவ்வொரு சேனலும் ஒரு ரெசிஸ்டர் வழியாக பஸ்ஸில், அதாவது எல்லாம் சேரும் பொது இணைப்பில், கலக்கிறது. கலந்ததும் லெவல் வெகுவாக இறங்கிவிடும். அதைத் தூக்க ஒரு மேக்கப் ஆம்ப், அப்புறம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ரெசிஸ்டர்கள் கிட்டத்தட்ட எந்தக் கலரும் (ஒலிக்கு வரும் தனிச்சாயல்) சேர்ப்பதில்லை. கலர் முழுக்க அந்த ஆம்பிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் இருக்கிறது. ஒரே ஃப்ரீக்வென்சி மட்டும் உள்ள சைன் டோன் அனுப்பிப் பார்த்தால் இது தெளிவாகவே தெரியும். 1 கிலோஹெர்ட்ஸில் லெவலை ஏற்றினால் 3 கிலோஹெர்ட்ஸில் ஹார்மோனிக் (மூல ஃப்ரீக்வென்சியின் மடங்கில் எழும் கூடுதல் ஒலி) மெல்லத் தலைகாட்டும். அதே லெவலில் 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 150 ஹெர்ட்ஸில் அது பளிச்சென்று எழும், ஏனென்றால் ஃப்ரீக்வென்சி குறையக் குறைய டிரான்ஸ்ஃபார்மரின் கோர் சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. பேஸும் கிக்கும் 'தடிமன்' ஆகிற உணர்வு இதுதான்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த சோதனை வேறொன்று. டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீஸ், வோகல் ஸ்டெம்களை (கருவிவாரியாகச் சேர்த்த டிராக்குகளை) தனித்தனியாகப் பெட்டி வழியே அனுப்பிப் பதிவு செய்து, பிறகு மென்பொருளில் கூட்டினேன். அடுத்து எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நேரத்தில் அனுப்பினேன். மிதமான லெவலில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் கிட்டத்தட்ட வெறும் ஹிஸ் (பின்னணி இரைச்சல்). லெவலை அழுத்தியபோதுதான் விஷயம் தெரிந்தது. மிஞ்சியதில் ஒவ்வொரு கிக் அடியிலும் வோகலின் துணுக்குகளும் கிட்டாரின் துணுக்குகளும் கேட்டன. கிக் ஆம்பைத் தள்ளும் அந்தக் கணத்தில் மற்ற கருவிகளும் அதோடு சேர்ந்து அமுங்குகின்றன. எல்லாம் ஒட்டிக்கொண்டது போல் கேட்பதை 'குளூ' என்று நாம் சொல்வது பெரும்பகுதி இதுதான். தனித்தனி டிராக்கில் சாச்சுரேஷன் பிளகின் (ஆம்ப் அழுந்துவதைப் போலச் செய்யும் மென்பொருள்) போட்டால் இது வராது, எல்லாம் சேர்ந்த பிறகு ஒரே இடத்தில் நடக்க வேண்டும்.

அப்படியானால் 16 சேனல் எதற்கு? மென்பொருளிலேயே கூட்டி, ஸ்டீரியோ மிக்ஸை மட்டும் அதே பெட்டியின் இரண்டு சேனல்கள் வழியாக, ஆம்புக்குப் போய்ச்சேரும் லெவலைச் சரிசெய்து அனுப்பினேன். இரண்டு பதிவுகளின் லெவலையும் 0.1 டெசிபலுக்குள் சமன் செய்து, எது எது என்று தெரியாமல் கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. லெவலைச் சமன் செய்யாத ஒப்பீட்டை நம்பவே நம்பாதீர்கள். அரை டெசிபல் கூடுதல் போதும், 'ஆழம்', 'உயிர்' எல்லாம் தானாக வந்துவிடும். உண்மையில் 16 சேனலில் ஒரு சின்ன இழப்பும் உண்டு. பக்கத்துக்கு 8 கன்வர்ட்டர் (டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் கருவி) சேனல்களின் ஹிஸ் கூடும்போது, ஒரு சேனலைவிட சுமார் 9 டெசிபல் ஏறும். காதில் உறுத்தாது, ஆனால் இருக்கிறது.

தினசரி வேலையில் உறுத்தியது கேபிள்கள். ஒரு முறை பேக்கிங் வோகல் வலது பக்கம் சாய்ந்து கேட்டது. 25 பின் டி-சப் கனெக்டரில் ஒரு சால்டர் விட்டுப்போய், இடது சேனலின் பேலன்ஸ்டு (ஒரே சிக்னலை எதிரெதிராகச் சுமக்கும் இரண்டு கம்பி) இணைப்பில் ஒரு கால் அறுந்திருந்தது. சத்தம் நிற்கவில்லை, 6 டெசிபல் இறங்கியது, அவ்வளவுதான். முற்றிலும் நின்றிருந்தால் உடனே கண்டுபிடித்திருக்கலாம். அன்றிலிருந்து ஒவ்வொரு மிக்ஸுக்கும் முன்னால், பெட்டி சூடான பிறகு, −18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே) டோனை எல்லாச் சேனலிலும் ஓட்டி மீட்டரைப் பார்த்துவிடுகிறேன். ரியல் டைமில் பிரின்ட் செய்வது (பாட்டை முழுவதும் ஓடவிட்டுப் பதிவு செய்வது) எனக்குச் சுமையாக இல்லை, அந்த நேரத்தில் பாட்டை முழுசாக ஒருமுறை கேட்டுவிடலாம்.

இப்போது இரண்டு சேனல்களை மட்டும் இறுதி மிக்ஸ் போகும் மாஸ்டர் பஸ்ஸில் ஹார்டுவேர் இன்சர்ட்டாக (மென்பொருளிலிருந்து வெளியே போய்த் திரும்பும் இணைப்பு) வைத்திருக்கிறேன். கலருக்காக வாங்க நினைப்பவர்களுக்கு, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள நல்ல ஸ்டீரியோ ஆம்ப் ஒன்றே போதும் என்பேன். ஒன்று மட்டும், இன்சர்ட்டை மிக்ஸ் தொடங்கும்போதே போட்டுவிடுங்கள். கடைசியில் சேர்த்தால் கிக்குக்கும் பேஸுக்கும் பார்த்துப் பார்த்து வைத்த அளவு மாறிவிடும், வோகல் ரைடுகளையும் (வரிக்கு வரி செய்த லெவல் மாற்றங்கள்) திரும்பச் செய்ய வேண்டிவரும்.